கிணற்றில் விட்ட டிரவுட்

பிடித்த மீனை மறுபடியும் ஆற்றிலேயே விட்டுவிடுகிற மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் திறந்த வாயை வெகுநேரம் மூடவில்லை. அதற்கு முன் மீன் என்றால் எங்களுக்கு இரண்டு வேலைதான். பெரிதாக இருந்தால் சட்டிக்குப் போகும். குஞ்சாக இருந்தால் கிணற்றுக்குப் போகும். கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டங்களில் ஜிலேபி மீன் குஞ்சு விடாத கிணறு கிடையாது. கொசுப்புழுவைத் தின்னும், பாசியைத் தின்னும், கோடையில் தண்ணீர் இறங்கும்போது நாம் அதைத் தின்னலாம். பிடித்ததை விடுவது என்ற மூன்றாவது வேலையை நான் ஊட்டிக்கு மேலே, என் மாமாவுக்குப் பெண் கொடுக்க இருந்தவரின் ஓடையில்தான் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை அது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான் என்பதால் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர், உர மூட்டையில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் வாய் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். மாமா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "படிச்சவரே" என்பார். அதில் கேலி எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. எனக்கு இரண்டுமே பிடித்திருந்தன.

மாமா என் அம்மாவின் தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். அம்மாவுக்குக் கல்யாணமான பிறகும் அவர் எங்கள் தோட்டத்திலேயே தங்கித் தேங்காய் வியாபாரம் பார்த்தார். முப்பதைத் தாண்டியும் அவருக்குப் பெண் அமையவில்லை. ஒரு இடத்தில் ஜாதகம் சேரவில்லை, ஒரு இடத்தில் பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள், ஒரு இடத்தில் காரணமே சொல்லவில்லை. கடைசியாக வந்தது அன்னூர்க்காரர்களின் சம்பந்தம். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் ஜாதகத்தை யாரிடமும் கொடுக்கவேண்டாம் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அம்மா ஜாதகத்தை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள்.

பெண்ணின் அப்பாவுக்குச் சொந்த ஊர் அன்னூர் என்றாலும் வேலை மலைமேல். டிரவுட் என்கிற குளிர்நாட்டு மீனைக் குஞ்சு பொரித்து வளர்த்து ஓடையில் விடுவதும், அனுமதிச் சீட்டு வாங்கித் தூண்டில் போட வருகிறவர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதும் அவருடைய உத்தியோகம். மனைவி இல்லாதவர். மகளோடு ஓடைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். அன்னூரில் வைத்துப் பெண் பார்த்தாகிவிட்டது. இரு பக்கமும் பிடித்திருந்தது. அவர்கள் வந்து எங்கள் வீட்டையும் தோட்டத்தையும் பார்ப்பது மட்டும் பாக்கி. அதற்கு முந்தின நாள் மாமா ஊட்டிக்குத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போனார். "வர்ற வழியில எட்டிப் பாத்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியிருந்ததால், அம்மா ஒரு பால் கேன் நிறைய எருமைத் தயிர் கொடுத்தனுப்பினாள். கேனைப் பிடித்துக்கொள்ள என்னையும் வேனில் ஏற்றிவிட்டாள்.

குளிர் எனக்குப் புதிது. சட்டைக்கு மேல் மாமாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். பெண்ணின் அப்பா காக்கிச் சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டு ஒல்லியாக, சத்தமில்லாமல் பேசுகிறவராக இருந்தார். முதலில் எங்களை சிமெண்ட் தொட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு தொட்டியில் கொசுவைப் போல, இன்னொன்றில் விரல் நீளத்துக்கு, அடுத்ததில் இன்னும் கொஞ்சம் பெரிதாக மீன் குஞ்சுகள் நீரோட்டத்தை எதிர்த்து ஒரே பக்கமாகப் பார்த்து நின்றன.

"இதைய வளத்து ஓடையில உட்டுருவோமுங்க" என்றார். "அப்பறம் அது பாடு. பெருசாகறது கொஞ்சந்தான்."

"நாங்களும் இப்பிடித்தானுங்க, கெணத்துல உடுவோம்" என்றார் மாமா.

அவர் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார். தன் தொழிலை ஒருவர் புரிந்துகொண்டார் என்ற சிரிப்பு அது. மாமாவுக்கும் அப்படியே தோன்றியிருக்க வேண்டும்.

ஓடையில் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்திலிருந்து காரில் வந்த ஒருவர் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கம்பு வளைந்தது. வெகுநேரம் விட்டு விட்டு இழுத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு மீனைக் கொண்டுவந்தார். உடம்பெல்லாம் கரும்புள்ளி, பக்கவாட்டில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. எனக்கு நாக்கில் நீர் ஊறியது. அவர் முள்ளைக் கழற்றினார், இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் பிடித்தார், விட்டார். அது போய்விட்டது.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, வழுக்கிருச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க. நானேதான் உட்டேன்."

"பெருசாத்தான இருந்துச்சு. கொண்டு போலாமுல்லங்க?"

"போலாமுங்க. எனக்குப் புடிக்கறதுதானுங்க சொகம்."

மாமா என் பக்கம் திரும்பி, "படிச்சவரே, இதெல்லாம் உங்க புஸ்தகத்துல வருதா?" என்று மெதுவாகக் கேட்டார். வரவில்லை என்றேன். எனக்கு அந்த ஆளின் மீது பயமே வந்தது. மலையேறி வந்து, சீட்டு வாங்கி, குளிரில் நனைந்து, கையில் கிடைத்ததை விட்டுவிடுகிறவர் வேறு என்னவெல்லாம் செய்வாரோ என்று தோன்றியது.

மாமாவுக்கும் அன்றைக்கு ஒரு சீட்டு போட்டு, சுருள் வைத்த தூண்டில் ஒன்றைக் கொடுத்தார் பெண்ணின் அப்பா. பாலத்துப் பக்கம் ஒரு போர்டு இருந்தது. மாமா தாடையை அதன் பக்கம் ஆட்ட, நான் உரக்கப் படித்தேன். ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்த மீன்களை உடனே நீரில் விட்டுவிட வேண்டும். அங்குலம் என்றால் எவ்வளவு என்று மாமா கேட்டார். என் பள்ளிக்கூட ஸ்கேல் ஆறு அங்குலத்தோடு முடிந்துபோகும் என்பதால் ஒன்பதைக் கையால் காட்ட எனக்குத் தெரியவில்லை. பெண்ணின் அப்பாதான், "ஒரு சாண்னு வெச்சுக்குங்க மாப்பிள்ளை. அதுக்கு உள்ள இருந்தா அது இன்னும் கொழந்தை" என்றார்.

மாமாவுக்கு மாட்டியதெல்லாம் குழந்தைகள்தான். முதல் மீனை அவர் துள்ளத் துள்ளக் கையில் பிடித்தபோது பின்னாலிருந்து, "கைய நனைச்சுக்குங்க" என்று ஒரு குரல் கேட்டது. பெண் டீ கொண்டுவந்திருந்தாள். தூக்குப்போசியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஓடையோரம் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கை வரை நனைத்தாள்.

"காஞ்ச கையில புடிச்சா மேல இருக்கற வழுவழுப்புப் போயிருமுங்க. அப்பறம் புண்ணு வந்து செத்துப்போகும்."

அவள் மாமாவைப் பார்த்துப் பேசவில்லை. மீனைப் பார்த்துத்தான் பேசினாள். மாமாவிடமிருந்து அதை வாங்கி, நீரோட்டத்துக்கு முகம் காட்டித் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தாள். மீன் செத்ததுபோலச் சாய்ந்தது. அவள் அவசரப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் செவுள் அசைந்தது, வால் அசைந்தது, பிறகு அவள் கைக்குள் மீன் இல்லை.

"நீயும் ஒண்ணு உடறியா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள்.

அடுத்த மீனை நான் விட்டேன். கையை நனைத்துக்கொண்டு, தாங்கிப் பிடித்து, அது தானாகப் போகும்வரை பொறுத்திருந்து. போன மாத்திரத்தில், போய்விட்டதே என்று அழுகை வந்தது. அவள் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்ததால் இருவருமே சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். அவள் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போனாள். மாமா அவள் போன வழியைப் பார்த்துக்கொண்டு நின்றதில் டீ ஆறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பெண்ணின் அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு ஆட்களின் மீனை அளக்கப் போயிருந்தார். மாமா, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த எங்கள் தயிர் கேனை எடுத்து ஓடைத் தண்ணீரை முக்கால்வாசி மொண்டார். அடுத்தடுத்து மாட்டிய குழந்தைகளைக் கையை நன்றாக நனைத்துக்கொண்டு பிடித்துக் கேனுக்குள் விட்டார்.

"மாமா, உடனே தண்ணியில உடோணும்னு போட்டிருக்குது" என்றேன். நான் படித்ததற்கு நான்தானே பொறுப்பு.

"தண்ணியிலதான கண்ணு உட்டிருக்கறேன்."

"இந்தத் தண்ணியிலங்க மாமா."

"இங்க உட்டா நாளைக்கு இன்னொருத்தன் வந்து தூண்டில் போடுவான். அவனுக்கு மாட்டும். நம்ம கெணத்துல ஆரு தூண்டில் போடறாங்க? நாம என்ன திங்கவா கொண்டு போறோம்? பெருசானப்பறம் அவரே வந்து பாக்கட்டும். மகளும் வந்து பாக்கட்டும்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் ஓடையில் விடுவதைவிட இது நல்ல காரியமாகவே பட்டது. குஞ்சு மீன் என்றால் கிணறு. எங்களுக்கு அதுதான் தெரியும்.

மத்தியானம் திரும்பும்போது பெண்ணின் அப்பா வழியில் நின்று ஒவ்வொரு காரின் டிக்கியையும் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆர்.எஸ்.புரத்துக்காரரின் கூடையைக்கூடத் துழாவினார், ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தும். எங்கள் வேன் வந்தபோது மாமாவுக்கு முகம் வெளிறியது. சோதனை இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. நாளைக்கு அதிசயமாகக் காட்ட நினைத்ததை இன்றைக்கே சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கீழே இறங்கி, கேனின் மூடியில் கையை வைத்தார். "ஏனுங்க, இதுல ஒண்ணு..."

அவர் எட்டி வந்து மாமாவின் கைமேலேயே தன் கையை வைத்து மூடியை அமுத்தினார்.

"என்னுங்க மாப்பிள்ளை. உங்க சாமானத் தொறந்து பாக்கற ஆளா நானு? போயிட்டு வாங்க. காலம்பர வாரமுங்க."

ஒறம்பரையாக வந்த சொந்தக்காரரின் பையைச் சோதிப்பது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதிலும் மாப்பிள்ளையின் பையை. மாமா ஏறி உட்கார்ந்தார். வேன் கிளம்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை கார்களையும் திறந்தவர் எங்களுடையதை மட்டும் திறக்கவில்லை.

இறங்குகிற வழியெல்லாம் தண்ணீர் விழுகிற இடமாகப் பார்த்து மாமா வேனை நிறுத்தச் சொன்னார். பழைய தண்ணீரைப் பாதி கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிப்பார். கேனைச் சுற்றி ஈரச் சாக்கு. வேன் ஓட்டின அண்ணன் மூன்றாவது தடவை பிரேக் போடும்போது, "ஏனுங் மொதலாளி, புதுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போறாப்பல இருக்குதுங்க" என்றார். மாமா வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேட்டுப்பாளையத்துக்கு வந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி வெக்கை அடித்தது. அதற்குப் பிறகு வழியில் அருவி இல்லை. மாமா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கோயமுத்தூர் தாண்டும்வரை துண்டால் விசிறிக்கொண்டே வந்தார்.

பொழுது இறங்குகிற நேரத்தில் கிணற்றுப் படியில் இறங்கி விட்டோம். நான்தான் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டேன். கொஞ்சம் தள்ளாடின, பிறகு ஆழத்துக்குப் போய்விட்டன. மாமா படியில் உட்கார்ந்தபடியே, "நாளைக்கு அவரு வர்ற வரைக்கும் ஆரும் எட்டிப் பாக்கக் கூடாது. மெரண்டுக்கும். மோட்டாரும் போடக் கூடாது" என்று சட்டம் போட்டார். அப்பா முணுமுணுத்தார், தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை அன்றைக்கு. அம்மாதான், "ஒரு நாளைக்கு உடுங்க, ஆசைப்படறான்" என்றாள். பிறகு மாமாவிடம், "ஏன் சாமி, ஜிலேபிதான் கெடக்குதே, இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"இது மலை மீனுக்கா. அவரு வளத்தது."

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலையில், ராத்திரியே அன்னூருக்கு இறங்கிவந்திருந்த பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் வந்தார்கள். மாமாவும் நானும் பஸ் நிறுத்தத்துக்கே போய் அழைத்துவந்தோம். காக்கி இல்லாமல் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் வேறு ஆள் போல இருந்தார். வீட்டில் அம்மா விடியலிலிருந்தே சமையலில் இருந்தாள். பருப்பும் பொரியலும் பாயசமும், கூடவே தாம்பாளம் நிறையக் கச்சாயமும். அரிசி மாவில் வெல்லப் பாகை ஊற்றி எண்ணெயில் சுட்டெடுக்கிற கச்சாயத்தில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதில் ஒன்றைக்கூட அவள் முதலில் நீட்டவில்லை. பெண் வீட்டார் சம்மதம் சொல்கிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் வாயில் எதையும் போடமாட்டார்கள். போட்டுவிட்டால் அதுதான் சம்மதம். அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை. அதனால் அம்மா தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பதில்லை. கிணற்றைத்தான் பார்ப்பார்கள். கோடையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதுதான் குடும்பத்தின் நிலவரம். பெண்ணின் அத்தை தென்னைகளை அண்ணாந்து பார்த்து, "காய்ப்பு பரவால்லீங்க" என்றார். அப்பாவுக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது. மாமா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கிட்டத்தட்ட ஓடினார். கிணற்று மேட்டில் ஏறி ஒதுங்கி நின்று, கையைக் காட்டி, "ஏனுங்க, நீங்கதான் மொதல்ல எட்டிப் பாக்கோணும்" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் புகுந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

தண்ணீரின்மேல் வெள்ளை வெள்ளையாக வயிறுகள் கிடந்தன. காற்று அவற்றை ஒரு மூலைக்கு ஒதுக்கியிருந்தது. அந்த ரோஜாக் கோடு ஒன்றில்கூடத் தெரியவில்லை. இரண்டு ஜிலேபிகள் கீழிருந்து வந்து ஒன்றை முட்டிப் பார்த்துவிட்டுப் போயின. என் உள்ளங்கைகளில் முந்தின நாள் குளிர்ச்சி இன்னும் இருப்பதுபோல இருந்தது. நான் நனைத்துக்கொண்டுதானே பிடித்தேன், காய்ந்த கையால் தொடவே இல்லையே என்று மட்டும் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். அவர் கை இன்னும் கிணற்றைக் காட்டியபடியே இருந்தது.

"என்ன தம்பி இது" என்றார் அத்தை. "நல்லது பேச வந்த எடத்துல கெணத்துல செத்தது மெதக்குது."

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அப்பா, "ஏனுங்க, நீங்க எதுக்குங்க, ஆளு உட்டு எடுத்தர்லாம்" என்று பின்னாலேயே போனார். அவர் கேட்கவில்லை. கடைசிப் படியும் தாண்டி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். மிதப்பவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றின் செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது போல. அதை மட்டும் இரண்டு கைகளாலும் தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார். ஓட்டமில்லாத தண்ணீர் என்பதால், தானே அதை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினார், செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று.

நாங்கள் எல்லோரும் மேலே வட்டமாக நின்று பார்த்தோம். வீட்டிலிருந்து அம்மாவும் கரண்டியோடு வந்துவிட்டாள். ஒரு பெரிய மனிதர், சம்பந்தம் பேச வந்தவர், புது வேட்டியோடு எங்கள் கிணற்றுக்குள் நின்றுகொண்டு ஒரு சாண்கூட இல்லாத மீனுக்கு மூச்சு வரவைத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அவர் விடவில்லை. பிறகு ஒரு நேரத்தில் நகர்த்துவதை நிறுத்தினார். மீன் சாய்ந்தது. அவர் அதைப் படியின்மேல் வைத்துவிட்டு ஏறி வந்தார்.

மாமா நீட்டியிருந்த கையை அப்போதுதான் இறக்கினார். "பெருசாகட்டும்னுதானுங்க... நல்லாத்தான் நீந்துச்சுங்க நேத்து."

"குளுந்த தண்ணியில பொறந்ததுங்க. இந்தச் சூடு தாங்காது" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை.

"தெரியாமச் செஞ்சுபோட்டேனுங்க."

"நீங்க தொறந்து காட்டத்தானுங்க வந்தீங்க. நாந்தான் மூடிய அமுத்துனேன்." சொல்லிவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். அது அவர் கைதானா என்று சந்தேகப்படுகிறவர் மாதிரி.

மீன் திருடிய ஆளைத் திட்டுவார், அல்லது கெட்ட சகுனம் என்று அத்தை கத்துவார் என்று நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் நடந்திருந்தால் அப்பா சமாதானம் சொல்லியிருப்பார், அம்மா காலில்கூட விழுந்திருப்பாள். ஆனால் அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். தொட்டித் தண்ணீரில் கால் கழுவினார். அம்மா இலை போட்டிருப்பதாகச் சொன்னாள்.

"இருக்கட்டும் அம்மணி. இன்னொரு நாளைக்கு ஆகட்டும். ஊருக்குப் போயிச் சேதி சொல்லி உடறனுங்க."

"ஒரு வாய் பாயசமாச்சுங்க அண்ணா."

"சேதி சொல்லி உடறேன் அம்மணி."

எல்லோரையும் கும்பிட்டார். மாமாவையும் கும்பிட்டார். "வாரேனுங்க மாப்பிள்ளை" என்றார். இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர் கட்டாயம் நல்ல சேதிதான் சொல்லியனுப்புவார் என்று எனக்குத் தோன்றியது. அம்மா மட்டும் ஏன் அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள் என்று விளங்கவில்லை. அதைவிட ஒரு கவலை எனக்குப் பெரிதாக இருந்தது. விடியலில் அன்னூரிலிருந்து கிளம்பியவர் இதுவரை ஒன்றும் சாப்பிடவில்லை. திரும்பிப் போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். பசிக்காதா? இந்தப் பெரியவர்கள் ஒருவருக்கும் அது ஏன் தோன்றவில்லை?

தாம்பாளத்திலிருந்து ஒரு கச்சாயத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

அவரும் அத்தையும் புளியமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய வேட்டியிலிருந்து இன்னும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க நின்று கச்சாயத்தை நீட்டினேன். "சாப்புடுங்க. பசிக்குமுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தபோது இருந்ததைவிட அதிகமான திகைப்பு இருந்தது. "ஆரு கண்ணு குடுத்து உட்டாங்க? அம்மாவா, மாமாவா?"

"நானேதானுங்க."

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"தம்பி" என்றார் அத்தை, அவரிடம். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஆனால் தெருவில் போகிற நாயை நிறுத்துகிற மாதிரி இருந்தது.

அவர் சாப்பிடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆறிவிட்டதோ என்று நினைத்து, "சூடாத்தானுங்க இருக்குது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஆமாங் கண்ணு. சூடாத்தான் இருக்குது." அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு லாரி போனது. ஒரு மாட்டு வண்டி போனது. பொள்ளாச்சியிலிருந்து வருகிற பஸ் வளைவில் தெரிந்து, பெரிதாகி, எங்களுக்கு முன்னால் வந்து நிற்கும்வரை அவர் அப்படியே நின்றார்.

பிறகு குனிந்து என் கையைப் பிடித்து, அதற்குள் கச்சாயத்தை வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"நீ தின்னு சாமி. நல்லாப் படிக்கோணும்."

பஸ் போய்விட்டது. எனக்கு வருத்தமாக இல்லை. அம்மா ஒறம்பரைக்கு முன்னால் எனக்குக் கச்சாயம் தந்திருக்கமாட்டாள். அதனால் கிடைத்ததை நடந்துகொண்டே தின்றேன். தோட்டத்துக்குள் நுழையும்போது மாமா மோட்டார் ரூம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கிணற்றைச் சுத்தம் செய்ய அப்பா ஆள் கூப்பிடப் போயிருந்தார்.

"எங்க போயிட்டு வர்றே?" என்றார் மாமா. அன்றைக்கு அவர் என்னைப் படிச்சவரே என்று கூப்பிடவில்லை.

சொன்னேன்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "சாப்ட்டாரா?"

"இல்லீங்க மாமா. எனக்கே குடுத்துட்டாரு."

"வாங்கவே இல்லியா?"

"வாங்குனாரு. அப்பறந்தான் குடுத்தாரு."

"கையில வாங்குனாரா? அவரு கையில?"

"ஆமாங்க மாமா."

"எத்தன நேரம் வெச்சிருந்தாரு?"

"பஸ்ஸு வர்ற வரைக்கும்."

மாமா மறுபடியும் உட்கார்ந்தார். "அத்தன நேரமா" என்றார், என்னிடம் இல்லை. கொஞ்சம் கழித்து, எதையோ கேட்க மறந்துவிட்டவர்போல, வாங்கும்போது ஒரு கையில் வாங்கினாரா, இரண்டு கையாலா என்று கேட்டார். எனக்கு அது நினைவில்லை. ஒரு கச்சாயத்தைக் கையில் வைத்திருந்ததைப் பற்றி இவ்வளவு கேட்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டே, "ரெண்டு கையாலதானுங்க" என்று சொல்லிவிட்டு, கிணற்றில் இறங்க ஆள் வந்துவிட்டார்களா என்று பார்க்க ஓடினேன்.